கடைசியாகச் சாப்பிடுகிறவரின் நாற்காலி

ஒரு நிமிடத்துக்கு அறுபது விநாடிதான் என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தார். மற்றவர்களும் தாமதம் செய்வார்கள். பஸ் தாமதமாகும், மழை தாமதமாகும், என் சம்பளம் தாமதமாகும். அவையெல்லாம் தாமதம் என்று தெரிந்தே செய்யப்படுகிற தாமதங்கள். அவருடையது அப்படியல்ல. "ஒரு நிமிஷம்" என்று ஆள்காட்டி விரலை உயர்த்துவார். நாற்பது நிமிடம் கழித்து அந்த விரலை இறக்குவார். இறக்கும்போது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட திருப்தி முகத்தில் இருக்கும்.

அதனால் அவர் பெயரே ஒருநிமிஷம் என்று ஆகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. தினமும் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இன்று எவ்வளவு யோசித்தும் அது ஞாபகத்துக்கு வரவில்லை. இதிலிருந்தே நான் எப்படிப்பட்ட அதிகாரி என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக ஊர் ஊராக முகாம் போட்டார்கள். அட்டையில் குடும்பத்தார் அத்தனை பேரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று வேண்டும். அதில் நான் தொகுப்பூதிய முகாம் மேற்பார்வையாளர். சம்பளத்தைவிடப் பதவியின் பெயர் நீளம். பெயர் பதிய ஐந்து பேர், கைரேகை வாங்க ஒருவர், படம் எடுக்க ஒருநிமிஷம், இவர்களையெல்லாம் விரட்ட நான்.

படம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெப் கேமரா. அது எடுக்கும் படம் அட்டையின் மூலையில் தபால்தலை அளவில் அச்சாகும். ஆறு பேர் நின்றால் ஆறு கடுகு. அந்தக் கடுகுகளுக்குத் தலைவாரி, பொட்டைச் சரிசெய்து, சட்டையின் மேல் பொத்தானைத் தன் கையாலேயே போட்டுவிடுவார் ஒருநிமிஷம். கிழிந்த காலரை உள்ளே மடிப்பார். குழந்தையின் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைப்பார். "படத்துல பொத்தான் தெரியாதுங்க" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

"பொத்தான் தெரியாதுங்க சார். பொத்தான் போட்ட மூஞ்சி தெரியும்" என்பார்.

அலுவலகம் கொடுத்த கேமராவை மேஜையில் வைத்து எடுத்தால் போதும். அவர் தன் வீட்டிலிருந்து ஒரு மர ஸ்டேண்டைத் தூக்கிக்கொண்டு வருவார். அது அவரைவிட உயரம். அதன் உச்சியில் அந்த எலுமிச்சம்பழத்தை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவைத்திருப்பார். யானைமேல் ஈ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். நாற்காலி போட்டதும் அதன் நான்கு காலைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போடுவார். யாராவது நாற்காலியை அரை அங்குலம் நகர்த்திவிட்டால், முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அந்த ஸ்டேண்டு அவர் கல்யாணப் படம் எடுத்த காலத்துச் சொத்து. கல்யாணங்களில் அவரை ஏன் கூப்பிடுவதில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். கெட்டிமேளம் உச்சத்துக்குப் போய்விட்டது. "அண்ணா, ஒரு நிமிஷம்" என்றிருக்கிறார் இவர். மாப்பிள்ளை தாலியை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க, மேளக்காரர் உச்சத்திலிருந்து இறங்கி வந்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, கடைசியில் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது என்று பெண்ணின் மாமன் கத்த ஆரம்பித்த பிறகுதான் விரல் இறங்கியதாம்.

இதை எனக்குச் சொன்னவரே அவர்தான். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

"மாப்ளைக்குக் கை நடுங்கிச்சுங்க சார். நடுங்குற கையோட எப்பிடித் தாலி கட்டுறது? நடுக்கம் நின்னுச்சு, கட்டுன்னேன், கட்டுனாரு. இன்னிக்கு வரைக்கும் அந்தப் புள்ளைய ஒரு வார்த்த சொன்னதில்லையாம்."

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, படம் எடுக்கும் முன் அவர் கேட்கும் ஒரு கேள்வி. எங்கள் படிவத்தில் முப்பது கேள்விகள் இருந்தன. இது அதில் இல்லாத முப்பத்தோராவது.

"வூட்ல யாரு கடைசியா சாப்புடுவாங்க?"

பதிலில் யார் பெயர் வருகிறதோ அவருக்குத்தான் நடு நாற்காலி. மற்றவர்கள் சுற்றி நிற்க வேண்டும். இதில் வயது, மீசை, நிலம், கட்சி எதுவும் செல்லாது.

அதியமான்கோட்டை முகாமில்தான் இந்தக் கேள்வியின் பலம் எனக்குத் தெரிந்தது. அங்கே ஒரு பெரிய பண்ணைக்காரர் வந்தார். கரை வேட்டி, விரலுக்கு ஒரு மோதிரம், கையில் இரண்டு செல்போன். வந்த வேகத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்து, மீசையை முறுக்கிக்கொண்டு, "ம், புடிங்க" என்றார்.

"ஒரு நிமிஷம்ங்கண்ணா. வூட்ல யாரு கடைசியா சாப்புடுவாங்க?"

"இது எதுக்குய்யா ஒனக்கு? ரேஷன் குடுக்கப் போறியா?"

"சொல்லுங்கண்ணா."

"எவனுக்குத் தெரியும்? நான் மொதல்ல சாப்புட்டுட்டு எந்திரிச்சிருவேன்."

பின்னால் நின்றிருந்த அவர் மகள், பள்ளிக்கூடப் பெண், "அம்மாதான்" என்றாள். அப்படியானால் அந்த அம்மா உட்காரட்டும், அண்ணன் பின்னால் நிற்கட்டும் என்றார் ஒருநிமிஷம். பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மிக அவசரமாக ஒரு படிவத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அந்த அம்மாளோ நாற்காலியைப் பார்த்தே பயந்தாள். "ஐயோ, நான் நின்னுக்கறன்ங்க" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வரிசையில் நின்ற பெண்கள் சும்மா இருப்பார்களா?

"குந்து அக்கா! கவர்மெண்டு நாற்காலி, அவரு வூட்டு நாற்காலியா?"

"மீசைக்காரரு கொஞ்ச நேரம் நின்னா மீசை கொட்டிருமா?"

அந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பண்ணைக்காரர் பின்னால் நின்றார். "அண்ணா, கைய நாற்காலி மேல வைங்க. நாற்காலி மேலதாங்க, தோள் மேலன்னு நான் சொல்லல" என்றார் ஒருநிமிஷம். சிரிப்பில் முகாமே குலுங்கியது. அந்தச் சிரிப்பில் அவள் நிமிர்ந்தபோது படம் எடுத்துவிட்டார். கடுகு அளவில்கூட அந்தச் சிரிப்பு தெரிந்தது என்று கைரேகை வாங்குகிறவர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லா ஊரிலும் இப்படிச் சுமுகமாக முடியவில்லை. ஓர் ஊரில் மாமியாரும் மருமகளும் அதே கேள்வியில் பிடித்துக்கொண்டார்கள்.

"நான்தான் கடைசியா சாப்புடுவேன். இவ பானையத் தொடச்சி வெச்சுட்டுப் போயிருவா."

"அத்தே, மனசாட்சியோட பேசுங்க. நீங்க சாப்புட்டு முடிச்சி டிவி சீரியல் ரெண்டு பாத்தப்புறம் நான் குந்தறேன்."

வரிசையில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். அன்று எங்கள் முகாமில் பதிவான குடும்பங்கள் ஒன்பது. கடைசியில் இரண்டு பேரையும் ஒரே நாற்காலியில் பாதி பாதி உட்காரவைத்து எடுத்தார். விழுந்துவிடாமலிருக்க இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எல்லைப் பக்கத்து ஊர்களில் கன்னடம் பேசுகிறவர்கள் வருவார்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் வருவார்கள். அவருக்கு இரண்டிலும் ஒவ்வொரு வார்த்தைதான் தெரியும். கன்னடத்தில் சிரிக்கச் சொல்ல "நகி", தெலுங்கில் சிரிக்கச் சொல்ல "நவ்வண்டி". கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்பதை மட்டும் கை ஜாடையில் கேட்பார். காலித் தட்டு, எல்லோரும் எழுந்துபோவது, ஒருவர் மட்டும் குனிந்து பானையைச் சுரண்டுவது என்று முழு நாடகமே நடத்துவார். எந்த மொழிக்காரர்களுக்கும் அது உடனே புரிந்துவிடும். உடனே யாரோ ஒரு பெண் தலையைக் குனிந்துகொள்வாள்.

அவரையே திணறடித்தது சித்தேரி மலை. அங்கே சாமை விதைக்கிற ஒரு குடும்பம் வந்தது. கேள்வியைக் கேட்டார். அந்த வீட்டு அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எங்க வூட்ல கடைசின்னு யாரும் இல்லீங்க. ஒரே வட்டமா ஒண்ணாத்தான் குந்துவோம். எங்களுக்கு அப்புறம் நாய்தான் சாப்புடும்" என்றாள்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நாய் வந்திருக்குதுங்களா?" என்று கேட்டார். வந்திருந்தது. அது வராத இடமே கிடையாதாம்.

இரண்டு வாரம் கழித்து மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. "மேற்படி குடும்பத்தின் புகைப்படத்தில், பயனாளிகள் பட்டியலில் இல்லாத ஒருவர் நடு நாற்காலியில் காணப்படுகிறார். விளக்கம் தரவும்." நான் இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். ஒருநிமிஷத்திடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "நாயி அசையவே இல்ல சார்னு ஒரு வரி சேத்துக்கங்க" என்றார்.

இப்போது என் அம்மாவுக்கு வருகிறேன்.

என் அம்மா எங்களோடு சேர்ந்து இருக்கிற படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. அவளுக்குக் கேமரா பிடிக்காது என்பதல்ல. படம் எடுக்கிற நேரத்தில் அவளுக்கு எப்போதும் வேறு வேலை இருந்தது. என் கல்யாண ஆல்பத்தில், குடும்பத்தார் வரிசையின் ஓரத்தில், சட்டத்தைவிட்டு வெளியேறும் ஒரு முந்தானை தெரியும். அதுதான் அம்மா. பந்தியில் அப்பளம் தீர்ந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். என் மகளின் காதுகுத்துப் படத்தில் ஒரு முழங்கை இருக்கிறது. அதுவும் அம்மாதான். இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்தால் பாதி அம்மா தேறுவாள்.

நல்லம்பள்ளியில், எங்கள் ஊரில், முகாம் வந்தபோது என் மனைவி சொல்லிவிட்டாள். "ஏங்க, இந்த அட்டையிலயாச்சும் அத்தையோட ஒரு போட்டோ வரணும். அவங்கள முன்னாடியே இழுத்துட்டு வந்து நிறுத்துங்க."

நான் செய்தது வேறு. அம்மா வைக்கிற சாம்பாரைப் பற்றி முகாம் ஆட்களிடம் பெருமையடித்து, அன்று மதியம் எட்டுப் பேருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாடு என்று அறிவித்திருந்தேன். சமைக்கப் போகிறவன் நானா என்ன!

"நீங்க மூணு பேரும் போங்க கண்ணு. சாம்பாரை எறக்கிட்டுப் பின்னாலயே வந்தர்றேன்" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் முகாம். வெயில், கூட்டம், நான்கு ஊர்க்காரர்கள். பன்னிரண்டரை மணிக்கு எங்கள் குடும்பத்தின் முறை வந்தது. நானும் மனைவியும் எட்டு வயது மகளும் போய் நின்றோம். ஒருநிமிஷம் என் காலர் பொத்தானைப் போட்டுவிட்டார். பிறகு, என்னைத் தெரியாதவர் மாதிரி முறைப்படி கேட்டார்.

"வூட்ல யாரு கடைசியா சாப்புடுவாங்க?"

"பாட்டி!" என்றாள் என் மகள்.

"எங்க அவங்க?"

"எங்களுக்கு சோறாக்கிட்டு இருக்காங்க."

"அப்ப வரட்டும். ஒரு நிமிஷம்" என்று விரலை உயர்த்தினார்.

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. நடு நாற்காலி காலியாக இருந்தது. அதன் இடது பக்கம் மனைவியும் மகளும், வலது பக்கம் நான். வரிசையில் மஞ்சள் துண்டு போட்ட ஒருவர் ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, ஆபீசர் வூட்டுக்கு மட்டும் எத்தினி நிமிசம்? நாங்க என்ன வேப்பமரமா, நிக்கவெச்சாப்ல நின்னுக்கிட்டே இருக்கறதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மணிக்கு மேலதிகாரி பார்வையிட வருவதாக வேறு இருந்தது. "எடுங்க, பரவாயில்லை" என்றேன்.

"இன்னும் ஒரு நிமிஷம் சார். வந்துருவாங்க."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

"நாற்காலி காலியா இருக்குதுங்க சார்."

அந்த வார்த்தையில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. காலியாக இருப்பதுதானே பிரச்சினை? நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கால்மேல் கால் போட்டேன். மேற்பார்வையாளர் அல்லவா! அவர் விரலை இறக்கினார். எடுத்தார். அவர் வாழ்நாளில் ஒரே விநாடியில் எடுத்த படம் அது ஒன்றாகத்தான் இருக்கும். கணினியும் "பதிவு முடிந்தது" என்று பூட்டிக்கொண்டது. அட்டைக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு படம்தான்.

பத்து நிமிடம் கழித்து, இரண்டு கையிலும் இரண்டு அடுக்குக் கேரியரோடு அம்மா வேர்க்க விறுவிறுக்க வந்தாள். கைரேகை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அட்டைக்கு அம்மாவின் விரல் போதும்.

அன்று மதியம் நாங்கள் ஏழு பேர் வகுப்பறைக்குள் உட்கார்ந்து சாம்பாரைப் புகழ்ந்துகொண்டே சாப்பிட்டோம். எட்டாவது ஆள் சாப்பிட வரவில்லை. ஸ்டேண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். வெளியே வராந்தாவில் ஏதோ சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் இரண்டாவது முறை ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் வீட்டில் அம்மா சொன்னாள். "அந்த ஒருநிமிசத் தம்பி என்னயும் ஒரு போட்டோ புடிச்சுச்சு கண்ணு. அந்த நாற்காலியிலயே குந்த வெச்சு. வூட்ல யாரு கடைசியா சாப்புடுவாங்கன்னு கேட்டுச்சு. நீ சாப்புட்டியாப்பா மொதல்லன்னு நான் கேட்டன். நீங்க சாப்புட்டீங்களாம்மான்னு அது கேக்குது! ரெண்டு பேருமே சாப்புடலன்னு தெரிஞ்சு ஒரே சிரிப்பு." சொல்லிவிட்டு, "போட்டோ எப்ப வரும்?" என்றாள்.

"வரும்மா" என்றேன். மனு கொடுத்தவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

அன்று எங்கள் இலக்கில் பாதிகூடத் தேறவில்லை. மேலதிகாரி என்னைப் பிடித்து உலுக்கினார். நான் ஒருநிமிஷத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினேன். "பணியில் வேகம் இல்லை. அறிவுரைகளை ஏற்பதில்லை." இரண்டு வரியும் உண்மை. என் எழுத்து வாழ்க்கையில் கற்பனை கலக்காமல் நான் எழுதியது அது ஒன்றுதான். மறுவாரம் அவரை நிறுத்திவிட்டார்கள். மர ஸ்டேண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது என் சட்டையைப் பார்த்து, "சார், பொத்தான்" என்றார்.

புதிதாக வந்த ஆள் நிமிடத்துக்கு இரண்டு குடும்பம் எடுத்தான். அத்தனையிலும் எல்லோரும் காவல் நிலையத்தில் நிற்பது போலவே இருந்தார்கள். இலக்கை எட்டிவிட்டோம்.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்தில் என் மேஜைமேல் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. மேலே அவருடைய கையெழுத்தில் என் பதவிப் பெயர். யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனு. எத்தனை மனு பார்த்திருக்கிறேன்! திறந்தால் பதில் சொல்ல வேண்டும். திறக்காவிட்டால் அது பரிசீலனையில் இருக்கிறது. "பரிசீலனையில்" என்று எழுதிய கோப்புக்குள் அதைச் செருகி, கீழ் இழுப்பறையில் போட்டேன்.

அம்மா அவ்வப்போது கேட்பாள். வற்புறுத்திக் கேட்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. சோறு போடும்போது, போகிற போக்கில், "அந்தத் தம்பி புடிச்ச போட்டோ இன்னும் வரலியா கண்ணு?" என்பாள்.

"வரும்மா."

"நல்லா சிரிச்சன் அன்னிக்கி. பல்லு தெரிஞ்சிருக்குமோ என்னமோ."

நான்கு வருடம் அப்படிக் கேட்டாள். ஐந்தாவது வருடம் கேட்க அவள் இல்லை. சுவரில் மாட்ட, அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கினோம். அதில் அம்மா, தப்பு செய்யாமல் மாட்டிக்கொண்டவள் போல முழிப்பாள்.

போன வருடம் எங்கள் அலுவலகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். இழுப்பறைகளைக் காலிசெய்தபோது அந்தக் கோப்பு கிடைத்தது. பரிசீலனையில் இருந்த மனுக்களையெல்லாம் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தேன். பழுப்புக் கவர் கனமாக இருந்தது. பிரித்தேன்.

இரண்டு படங்கள், முகாம் கணினியிலிருந்து எடுத்துப் பெரிதாக அச்சடித்தவை. தபால்தலை அளவல்ல, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவு. ஒன்றில் நடு நாற்காலியில் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் மனைவியும் மகளும். இன்னொன்றில் அதே நாற்காலி, அதே சுவர், சுவரில் அதே கீறல். நாற்காலியில் அம்மா. முந்தானையில் சாம்பார்க் கறை. பல் தெரியச் சிரிக்கிறாள். கேமராவைப் பார்க்கவில்லை. மனைவியும் மகளும் நின்றிருந்த இடம் எதுவோ, அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்படிப் பார்க்கச் சொன்னது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

கூடவே ஒரு துண்டுக் காகிதம். "சார், ஸ்டேண்டை நகத்தவே இல்ல. ரெண்டும் ஒரே அளவு. எப்ப வேணும்னாலும் சேத்துக்கலாம்."

அவ்வளவுதான். வேலை வேண்டும் என்று ஒரு எழுத்து இல்லை.

சாக்கை அப்படியே விட்டு எழுந்தேன். பிறகு அவரைத் தேடினேன். ஓசூரில் பள்ளிக்கூடங்களுக்குப் படம் எடுக்கிறார் என்றார்கள். போனேன், இல்லை. வத்தல்மலையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அங்கே ஒரு வீட்டுச் சுவரில், நடு நாற்காலியில் ஒரு பெண் வெட்கத்தோடு உட்கார்ந்திருக்கும் படம் இருந்தது. ஆள் இல்லை. "இப்பத்தான் கெளம்புனாரு, ஒரு நிமிசத்துல வந்தர்றேன்னு" என்றார்கள். எப்போது என்று கேட்டேன். மூன்று வருடம் முன்பாம்.

போன மாதம், தர்மபுரியில் ஒரு கலர் லேப்புக்கு அந்த இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு போனேன். கணினி முன்னால் இருந்த பெண் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரு சார் எடுத்தது? ஒரு நூலுகூட நகரல. இப்பிடி யாருமே கொண்டாந்து குடுத்ததில்ல."

எனக்கு ஏனோ நானே எடுத்தது போலப் பெருமையாக இருந்தது.

"ஆனா ஒண்ணு சார். நீங்களும் அம்மாவும் ஒரே சேர்ல குந்தியிருக்கீங்க. ஒருத்தரத்தான் வைக்க முடியும்."

"என்னை எடுத்துடும்மா."

"நீங்க இல்லாமயா? பின்னால நிக்கவெக்கலாம் சார். ஆனா இதுல நீங்க ஒக்காந்துல்ல இருக்கீங்க. நிக்கற மாதிரி போட்டோ இருக்குதுங்களா?"

அந்தக் கோணத்தில் நான் நின்ற படம் இல்லை. அன்று நின்றவன் கடைசிவரை நிற்கவில்லையே.

"அப்ப இப்பவே எடுத்துரலாம், உள்ள வாங்க" என்றாள். என் தலையைப் பார்த்துத் தயங்கினாள். "அதுல முடி இருக்குது சார். வேணும்னா கறுப்பா நெறைய முடி வெச்சுரட்டுங்களா?"

"வேண்டாம்மா. லேட்டா வந்தவன் லேட்டா வந்த மாதிரியே இருக்கட்டும்."

உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டாள். "இதுதான் உங்கம்மா குந்தியிருக்கற சேருன்னு வெச்சுக்கங்க. பின்னால நின்னு, அவங்க தோள் மேல கை வெக்கற மாதிரி வைங்க சார்."

ஸ்டூலுக்குப் பின்னால் நின்றேன். அம்மாவின் தோள் எந்த உயரத்தில் இருக்கும்? கையை உயர்த்தினேன். இறக்கினேன். கொஞ்சம் உயர்த்தினேன். கை நடுங்கியது. நடுங்குகிற கையோடு எப்படி?

"ரெடியா சார்?"

நடுக்கம் நிற்கவில்லை. காலர் பொத்தானும் போட்டிருக்கவில்லை. போட்டுவிட ஆள் இல்லை. இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை உயர்த்தினேன்.

"ஒரு நிமிஷம்" என்றேன்.